அதுவா உடைஞ்சிடுச்சு

"செஞ்சது யாருன்னு சொல்லாமலே நடந்ததைச் சொல்லலாம். அதுதான் பேசிவ் வாய்ஸ்," என்றாள் இங்கிலீஷ் டீச்சர். "'நான் டம்ளரை உடைத்தேன்.' மாத்துங்க."

"டம்ளர் உடைக்கப்பட்டது!"

"என் தம்பிக்கு இது அத்துப்படி மிஸ். 'நான் உடைக்கலம்மா, அதுவா உடைஞ்சிடுச்சு'ம்பான்," என்றாள் முதல் பெஞ்சு வாயாடி. ஒன்றிரண்டு பேர் சிரித்து, சட்டென்று அடங்கினார்கள்.

டீச்சர் வாசலைப் பார்த்தாள். ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்தது. 'ஹெட்மாஸ்டர் லேப் கதவை வெளியே பூட்டினார்.'"

"லேப் கதவு வெளியே பூட்டப்பட்டது!"

அதுவரை முறைத்துக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டரின் முகம் தெளிந்தது. "பலே! லேப்ல நடந்த தீ விபத்தைப் பத்தி நாளைக்கு விசாரிக்க வர்றாங்க. எல்லாரும் இப்படியே எழுதிக் குடுத்துடுங்க."

கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.

"என் பக்கத்துல இருந்தவ உள்ள மாட்டிக்கிட்டு செத்துட்டா. 'செத்தாள்'ங்கிறதை எப்படி மிஸ் மாத்துறது?"

டீச்சர் வாசல் பக்கம் திரும்பாமல் சாக்பீஸை எடுத்தாள்.

"அதுக்குப் பேசிவ் வாய்ஸ் கிடையாதும்மா. வேற வார்த்தைதான் போடணும்."

கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: 'கொல்லப்பட்டாள்.'