பள்ளிக்கூடம் கொடுத்த குதிரை

எசிம்கானின் வம்சத்தில் ஏழு தலைமுறையாக ஒருவரும் கடன் வாங்கியதில்லை. அந்த ஏழு முன்னோரின் பெயரையும் வரிசையாகச் சொல்லி அதை நிரூபித்துவிட்டு, சமையலறை மேசைமேல் கிடந்த மூன்று கடிதங்களையும் மறுபடி எடுத்தார். மூன்றிலும் கடனாளி என்று இருந்தது அவர் மனைவி குல்யாஷின் பெயர்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் அவர். சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுப் படித்தும் கடிதங்கள் பிடிபடவில்லை. முதலாவது, தவணை வந்து சேர்ந்ததற்கு நன்றி சொன்னது. இரண்டாவது, அதே கடனைத் தாங்கள் விலைக்கு வாங்கிவிட்டதாகவும், பழைய இடத்தில் கட்டிய தவணை கணக்கில் வராது என்றும் மிரட்டியது. மூன்றாவதில் வேறு கம்பெனி, வேறு தொகை. ஏற்கெனவே கட்டியிருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பணிவாக முடிந்தது.

ஒன்று மட்டும் புரிந்தது. கூடவே இருந்து கழுத்தறுத்திருக்கிறாள். பனிக்காலம் முழுக்க அக்கம்பக்கத்தாருக்கு மெத்தை தைத்துக் கொடுத்தாளே, சும்மா இருக்க முடியவில்லை என்று சொல்லி, அது இதற்குத்தான்.

எசிம்கான் எழுந்து போய் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். முக்கியமான பேச்சு எதையும் அவர் அந்த அங்கி இல்லாமல் பேசுவதில்லை.

அறுபது வயது விழாவில், 'பள்ளிக்கூடத்தின் சார்பாக' என்று விழா நடத்தியவன் மைக்கில் முழங்கி, அவர் தோளில் போர்த்திய பொன்சரிகை அங்கி அது. வாசலில் சிவப்பு நாடா கட்டிய குதிரை ஒன்றும் நின்றது, அதே பள்ளிக்கூடத்தின் சார்பாக. தலைமை ஆசிரியர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார், பாவம், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். அங்கியோ எசிம்கானின் தொப்பைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. சக ஆசிரியர்களுக்குத் தன்மேல் எவ்வளவு கவனம் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தார்.

குளிர் தொடங்கியதும் ஊர் வழக்கப்படி குதிரையை அறுத்து, கறியை உப்பிட்டு உலரத் தொங்கவிட்டாயிற்று. அந்தக் கறிக்கு நாளை பள்ளிக்கூடத்தார் அத்தனை பேரையும் அழைத்திருக்கிறார். நன்றியுரை நான்கு பக்கம்.

"உட்காரு" என்றார். தேநீர் போட வந்த குல்யாஷ் உட்காரவில்லை. மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"பள்ளிக்கூடமே சேர்ந்து குதிரை கொடுத்து கௌரவிச்ச மனுஷன் நான். என் முதுகுக்குப் பின்னால நீ ஊரைச் சுத்திக் கடன் வாங்கியிருக்க. எதுக்கு? உன் தம்பிக்கா?"

"அவனுக்கு இல்லீங்க."

நாளை விருந்தில் அவள் தன் பக்கத்தில் உட்காரக் கூடாது என்றார். விருந்து முடிந்ததும் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்றார். இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளை இனி எப்படி நம்புவது என்று கேட்கும்போது குரல் நிஜமாகவே உடைந்தது. அதை மறைக்கக் கெட்டிலைக் காட்டினார்.

"இந்த மாதிரி கண்ட சாமானையும் வாங்கி அடுக்கத்தானே?"

குல்யாஷ் கெட்டிலை அணைத்தாள்.

"அது நான் வாங்கினதில்லீங்க. உங்க விழாவுக்கு உங்க பள்ளிக்கூடம் கொடுத்தது."

"எது?"

"இதுதான். வசூல் பண்ணிக் கொடுத்தாங்க. எல்லார் முன்னாலயும் இதை நீட்டினா நீங்க தாங்க மாட்டீங்கன்னு, நான்தான் மேசைக்கடியில ஒளிச்சு வச்சேன். மைக் பிடிச்சவன்கிட்ட என்ன சொல்லணும்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

எசிம்கான் கடிதங்களைப் பார்த்தார். பிறகு, உத்தரத்தில் தொங்கிய குதிரைக்கறியைப் பார்த்தார். நாளை வருகிறவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"அப்ப, இந்தக் கடன்?"

அவள் தேநீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"பெரிய கடன் குதிரைக்குங்க. சின்னது, நீங்க இப்ப போட்டுக்கிட்டிருக்கீங்களே, அதுக்கு."