முழு மழையையும் பாடிய தவளை

ஒரு தவளை மழையைப் பற்றி நீளமாக ஒரே பாட்டு கட்டியிருந்தது. மண்வாசனையில் தொடங்கி, தூறல், அடைமழை, வெள்ளம் எல்லாம் தாண்டி, கடைசி ஈரம் காய்வதில் முடியும் பாட்டு.

குளம் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால், "அந்த அடைமழைத் துண்டை மட்டும் பாடுப்பா, கரைக்கு வர்றவங்க அதைத்தான் கேக்குறாங்க," என்றது. குளத்தைச் சொல்லியும் குற்றமில்லை. நண்டும் நத்தையும் அந்த இடத்துக்குத்தான் தலையாட்டின.

தவளை கிணற்றுக்குப் போனது. "முழுசாவே பாடு," என்றது கிணறு. ஆனால் தவளை ஒரு வரி பாடினால் போதும், கிணறு அதைப் பெரிதாக எதிரொலிக்கும். கேட்டவர்கள் எல்லாரும், "இந்தக் கிணறு என்னமாப் பாடுது!" என்றார்கள்.

கடைசியில் தவளை தோட்டத்து மூலையில் கிடந்த பானைக்குள் குதித்தது. உள்ளே கொஞ்சம் மழைத்தண்ணீர் இருந்தது.

"என்னை நம்பாதே," என்றது பானை. "அடியில ஓட்டை. நீ பாடி முடிக்கிறதுக்குள்ள நான் காஞ்சுடுவேன்."

"என் பாட்டும் அப்படித்தான் முடியுது," என்றது தவளை. "அந்த முடிவை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை."



"அப்படின்னா நிதானமாப் பாடு," என்றது பானை. "நானும் மெதுவா வடியப் பார்க்கிறேன்."