மலைச்சாலைப் பழக்கம்

1951 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட கரோலினாவின் மலையடிவார ஊர் ஒன்றில் செம்மண் பாதையில் கார்ப் பந்தயம் நடந்தது. நாட்டுச் சட்டத்திலிருந்து மதுவிலக்கு நீங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அந்த மாவட்டத்தில் நீங்கவில்லை.

வர்ஜில் ஆப்ஷர் பார்வையாளர் பலகையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கண் கறுப்பு ஃபோர்டை விட்டு அகலவில்லை.

"அதுதான்யா நம்ம கோய். இன்னிக்கு அவன் ஜெயிச்சாத்தான் நான் ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியும்."

"இப்படி ஓட்ட எங்கே கத்துக்கிட்டான்?" என்றார் பக்கத்திலிருந்த வெளியூர்க்காரர்.

"மலைச்சாலையிலதான். வண்டி நிறையக் கள்ளச்சாராயத்தை ஏத்திக்கிட்டு, விளக்கைக்கூட அணைச்சுட்டுப் பறப்பான்."

"பெத்த அப்பா இதைப் பெருமையா வேற சொல்றீங்களே! போலீஸ் சும்மாவா விட்டுது?"

"அப்பாவா? அந்தப் போலீஸே நான்தான்யா! ஆறு வருஷம் துரத்தினேன், சிக்கவே இல்ல. 'கட்டைவண்டி போலீஸ்'னு ஊரே சிரிச்சுது. ரிட்டயராகியும் அந்தச் சிரிப்பு அடங்கல. இப்பப் பாருய்யா, இருபது பேர் துரத்துறாங்க, ஒருத்தனாலயும் கிட்ட நெருங்க முடியல!"

கோய் ஒரு முழுச் சுற்று முந்தி, முதலாவதாக வந்தான்.