ஃபெட்ஸர் கம்பெனியின் முதல் வண்டி

"வோஓஓ!" என்று குதிரையை நிறுத்தும் குரலில் கத்தினார் ஓரின் ஃபெட்ஸர்.

சதுக்கத்தில் இருந்த அத்தனை குதிரைகளும் நின்றன.

பால் வண்டிக் குதிரை நின்றது. பீர் பீப்பாய்களை இழுத்து வந்த ஜோடி நின்றது. கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்த சவ வண்டியும் நின்றது. பின்னால் அழுதுகொண்டு வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

ஓரினின் மோட்டார் வண்டி மட்டும் நிற்கவில்லை.

பக்கத்தில் டாக்டர் பெல்நாப் தொப்பியை ஒரு கையாலும் மருந்துப் பையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபெட்ஸர் மோட்டார் கம்பெனியின் முதல் வண்டியை வாங்கப்போகிறவர். வாங்காமலும் போகலாம். அப்படிப் போனால் திங்கட்கிழமை முதல் ஓரின், தன் மச்சான் ஹைரமின் லாயத்தில் குதிரை லத்தி அள்ள வேண்டும். பந்தயம் அப்படி. ஹைரம் இப்போதே மண்வெட்டியோடு, சதுக்கத்தை ஒட்டியிருந்த லாயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பாவம், ஓரின். அந்த ஓஹையோ ஊரில் பெரிய மனிதர்கள் ஏறும் குதிரை வண்டியெல்லாம் அவர் செய்தவைதான். இந்த வண்டிக்கும் ஒரு குறை வைக்கவில்லை. தோல் இருக்கை, பித்தளை விளக்கு, கைப்பழக்கத்தில் சாட்டை செருகும் குழல்கூட வைத்துவிட்டார்.

எஞ்சின்தான் படுத்தி எடுத்தது. கிளப்பினால் பத்தடி போவதற்குள் இருமும், தானாகவே நின்றுவிடும். அதை ஓட வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இன்றுதான் முதல் முறையாக ஓயாமல் ஓடுகிறது.

"வோ! நில்லுடா கண்ணு!"

திருப்பும் கோலைக் கடிவாளம்போல நெஞ்சோடு சேர்த்து இழுத்தார். வண்டி சமர்த்தாக வலப்பக்கம் திரும்பியது.

"மாப்ள! புல்லக் காட்டிப் பாருங்க, நிக்கும்!" என்று கத்தினார் ஹைரம். சதுக்கமே சிரித்தது.

எதிரே, ஓரின் சொன்னதைக் கேட்டு ஒழுங்காக நின்றிருந்தது ஒரு வைக்கோல் வண்டி.

மோட்டார் வண்டி அதற்குள் இருக்கை வரைக்கும் புகுந்தது. ஒரு தடவை இருமியது. நின்றது.

டாக்டர் தாடியிலிருந்து வைக்கோலை எடுத்தார். வாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்தார். ஓரினுக்கு அப்போதே லத்தி வாடை அடித்தது.

"பிரசவம்னு ஓடறப்பல்லாம் இந்தச் சதுக்கத்துலதான் மாட்டிக்குவேன்," என்றார் டாக்டர். "போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்தை பொறந்து தூங்கிட்டிருக்கும். நீ ஒரு சத்தம் குடுத்தே பாரு, ஊரே நின்னு வழி விட்டுச்சு! எடுத்துக்கறேன்யா."

ஓரினுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். ஹைரமின் மண்வெட்டி மெல்லத் தாழ்ந்தது.

"சரி, நிறுத்தணும்னா எதப் பிடிக்கணும்? காட்டு," என்றார் டாக்டர்.

ஓரின் ஆசையாகக் காட்டத் திரும்பினார்.

விளக்கு இருந்தது. சாட்டைக் குழல் பளபளவென்று இருந்தது. காலடியில் குனிந்து பார்த்தார். இருக்கைக்கு அடியிலும் பார்த்தார்.

அவர் செய்த எந்த வண்டியிலும் நிறுத்தும் வேலை குதிரையுடையது.

ஹைரம் மண்வெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

ஓரின் நிமிர்ந்தார். கோட்டிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

"அதுவா டாக்டர்? அதுக்குத் தனி விலை."