நேற்றுத் திறந்த ஜன்னல்

இத்தனை வருஷம் நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோது கிடைக்காத தச்சர், இப்போது மட்டும் எங்கிருந்து கிடைத்தார்? மனசுக்குள் கேட்டபடி அவள் அடுப்புமேடையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான கையோடு வாங்கிய வீடு. முதல் மழையிலேயே மரம் உப்பி இறுகிப்போன சமையலறை ஜன்னல், விற்கப்போகிறோம் என்றதும் இழைக்கப்பட்டு, ஒரு விரல் தள்ளினாலே திறக்கிறது. ஓயாமல் சொட்டிய குழாய் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. புதுப் பெயின்ட் நெடியில் தொண்டை கமறுகிறது. மேடைமேல் விழும் வெயில், புகை படிந்த அவளுடைய டப்பாக்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. துடைத்த இடத்தையே துணி மறுபடியும் அழுத்தித் தேய்க்கிறது. வாசலில் செருப்புச் சத்தம். கணவன் அவள் காதருகே குனிகிறான். "வாங்கறவங்க வந்துட்டாங்க. ஆரம்பத்துலேர்ந்தே எல்லாம் இப்படித்தான்னு சொல்லிடு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே, ராஜாத்தி."

வீடு பார்க்க வந்த இளம்பெண் ஜன்னலைத் தள்ளிப் பார்த்துச் சிரிக்கிறாள். "சமைக்கறப்போ நல்லா காத்து வருமா அக்கா?"

"சொல்லேன், தினம் இங்கதானே நிக்கிறே?" என்கிறான் அவன், பல்லெல்லாம் தெரிய.

அவள் துணியை முறுக்கிப் பிழிந்து கம்பியில் போடுகிறாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நேத்துதான் இதைத் தெறந்தாங்க."