முத்திரை மைக்

ராயபுரத்து மீனவர் வீட்டு ஜெசிந்தாவும், ஆம்பூர்த் தோல் தொழிலாளியின் மகன் இர்ஃபானும், மயிலாப்பூர் மிருதங்கக்காரர் வரதனும் ராக் இசைக்குழு தொடங்கியதே மீன்வளத் துறை அமைச்சரைத் திட்டத்தான். ஆனால் மேடைகளில் அரசு முத்திரை வைத்த மைக்கில்தான் பாட வேண்டும். "கடலை வித்த களவாணி" என்று ஜெசிந்தா தொண்டை கிழியக் கத்தினால், "கடலைக் காத்த கருணையே" என்று அதை வாழ்த்தாக மாற்றி அவள் குரலிலேயே ஒலிபெருக்கி உருகும்.

அமைச்சர் பரம ரசிகராகிவிட்டார். தன் அறுபதாம் கல்யாணத்துக்கே அவர்களை அழைத்தார்.

"மைக் வேண்டாம்மா. உன் சொந்தக் குரல்ல கேக்கணும்" என்றார் மணப்பந்தலில், ஆசையாக.

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். வாசல் முழுக்கப் போலீஸ்.

"அந்த வாழ்த்தையே பாடிடுக்கா" என்று இர்ஃபான் கிசுகிசுத்தான்.

"அதை எவன்டா மனப்பாடம் பண்ணான்?"

வரதன் தாளத்தை ஆரம்பித்துவிட்டார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, களவாணி முதல் கடைசி வசவு வரை ஒன்றையும் விடாமல் பாடி முடித்தாள்.

முகம் கறுத்து எழுந்த அமைச்சரை, பக்கத்தில் மாலையோடு இருந்த அவர் மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"முப்பது வருஷமா நான் சொல்றதை இந்தப் பொண்ணு ராகத்தோட சொல்லுது. இன்னொரு தடவை பாடும்மா."