மூன்றாவது சொட்டு

ஹைட்டி கிராமங்களில் காபியின் முதல் மிடறு செத்தவர்களுக்கு. கோப்பையைச் சரித்து மண்ணில் மூன்று சொட்டு விட்டு, அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சொன்ன பிறகுதான் உதட்டில் வைப்பார்கள். அதிபரின் கூலிப்படையில் சேர்ந்து, நீலச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்த ஒரேலும் அப்படி வளர்ந்தவன்தான். இஸ்மேனாவின் மகன் தியோஃபிலுக்கு ஞானத்தகப்பனும் அவனே.

“தியோஃபில் கோட்டைச் சிறையில நல்லா இருக்கான்க்கா. பெருநாளுக்குள்ள விட்டுருவாங்க,” என்றான், அவள் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்து.

மகனைப் பிடித்துப்போன நாளிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த இஸ்மேனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீட்டில் மிச்சமிருந்த காபித்தூளை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கோப்பையைச் சரித்தான். முதல் சொட்டுக்கு அவள் மாமனார் பெயரைச் சொன்னான். அடுத்ததற்கு அவள் புருஷன் பெயர். மூன்றாவது சொட்டு விழும்போது வாய் முந்திக்கொண்டது.

“தியோஃபில்.”

தான் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. கோப்பை அந்தரத்திலேயே நின்றது.

இஸ்மேனா அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். அந்த ஈரத்தின் மேலேயே முழுவதையும் கவிழ்த்தாள்.

“இங்க ஊத்துனா அவனுக்கு எட்டுமா, தம்பி?”